மச்சான் எடைக்கு மணல்

“ஆடாம உட்காரு” என்று மணல் மூட்டைகளிடம் சொல்லிவிட்டு, அவற்றின் குறுக்கே இடுப்பு வாரை இழுத்து மாட்டினார் லிஃப்ட்காரர். சக்கர நாற்காலியின் இருக்கையில் பெரிய மூட்டை ஒன்று படுத்திருந்தது. அதன்மேல் இன்னொன்று முதுகைச் சாய்த்து நிமிர்ந்திருந்தது. மடியில் கைக்குழந்தை மாதிரி ஒரு சின்ன மூட்டை. பெரியவை இரண்டும் சேர்ந்து அவருடைய மச்சானின் எடை. சின்னது, லிஃப்ட் வேலையில் வழக்கமாக வைத்துப் பார்க்கும் கூடுதல் பாரம்.

வாசற்படியில் போட்டிருந்த பலகைச் சரிவில் நாற்காலியை இறக்கினார், ஏற்றினார், மறுபடியும் இறக்கினார். எந்தச் சக்கரம் முனகுகிறது என்று குனிந்து காதைக் கொடுத்தார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, “எங்க அண்ணன் இன்னும் அவ்வளவு குண்டாகல” என்றார். முன்னறைக் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அந்த அண்ணன், “என்னவிட அவன் ஒழுங்கா உட்காந்திருக்கான். அவனையே கூட்டிட்டுப் போயிரு மாப்ள” என்றார்.

தெருவில் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். சில குடியிருப்புகள், ஒரு துணிக்கடை, ஒரு மருத்துவமனை என்று பல கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. ஒடிசலான ஆள். சட்டைப் பையில் எப்போதும் அளவு டேப் இருக்கும், கால்சட்டைப் பையில் மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பி. பழுது பார்த்த லிஃப்டில் மனிதர்களை உடனே ஏற்ற மாட்டார். உள்ளே மணல் மூட்டைகளை அடுக்கி, ‘சோதனை நடக்கிறது. ஏறாதீர்கள்’ என்று எழுதிய தகரப் பலகையைக் கதவில் மாட்டி, மேலும் கீழுமாக அனுப்பிக்கொண்டே இருப்பார். காய்கறிப் பையோடு காத்து நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள். “மூட்ட விழுந்தா அள்ளிக்கலாம்” என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

வீட்டிலும் இதே கதைதான். புதுச் செருப்பு வாங்கினால் முதலில் வீட்டுக்குள்ளேயே நடந்து பார்ப்பார், அதற்கு ஒப்புதல் கிடைத்த பிறகுதான் தெருவுக்கு. மச்சானுக்கென்று கட்டில் வாங்கியபோது முதலில் அதில் மூட்டைகள்தான் படுத்தன. பக்கவாதம் வந்த மனிதர் கீழே பாயில் கிடந்து, “எனக்கு எப்ப முறை வரும்?” என்று கேட்டதை மனைவி இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

மச்சான் குடிநீர் வாரியத்தில் பம்ப் ஓட்டியவர். வாரியத்தின் கால்பந்து அணிக்கு அவர்தான் கோல்கீப்பர். முறம் மாதிரி உள்ளங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், “வலையில விழாம பாத்துக்கறதுதானே நம்ம வேல” என்பார். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. தங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பேச்சு மெதுவாகத்தான் திரும்பியது. வாய்த்துடுக்கு மட்டும் முழுசாகத் திரும்பிவிட்டது.

பக்கவாதத்தில் கைகால் போவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். சிறுநீரை அடக்கி வைக்கும் தெம்பும் போய்விடுவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வந்தால் அந்த நிமிடமே வரும். கொஞ்சம் பொறு என்று அதனிடம் சொல்ல முடியாது. பயிற்சி சிகிச்சைக்குப் போய்த் திரும்பும்போது, ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் மச்சானுக்கு அப்படி ஆகிவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் தன் பிள்ளையின் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள். வேறொன்றும் நடக்கவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றோடு மச்சான் வாசலைத் தாண்டுவதை நிறுத்திவிட்டார். சிகிச்சையும் நின்றது. இடது கால் மெலிந்துகொண்டே வந்தது. படுத்தே கிடந்தால் மிச்சமிருக்கும் காலும் போய்விடும் என்று சிகிச்சை தரும் பெண் போனில் சொல்லிவிட்டாள். மச்சானிடம் அதைச் சொன்னால், “கட்டில்ல படுக்கறதுக்கு எத்தன காலு வேணும்?” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வார இறுதிகளில் டிவியில் லீக் ஆட்டங்கள் வரும். பச்சைச் சட்டைக்காரர்கள் மச்சானின் அணி. லிஃப்ட்காரருக்குக் கால்பந்தில் பிடிப்பு கிடையாது. நடுவர் எதற்கு விசில் ஊதுகிறார் என்பதே பாதி நேரம் விளங்காது. துணைக்கு உட்கார்ந்து நகத்திலிருந்து கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருப்பார். அப்படி ஒரு நாள் மச்சான் சலித்துக்கொண்டார்.

“இவனுங்க பந்தையேதான் காட்டுவானுங்க. பந்து அந்தக் கோடியில இருக்கறப்ப இந்தக் கோடியில கீப்பர் என்ன பண்றான்னு ஒரு நாளும் காட்ட மாட்டானுங்க. பாக்க வேண்டியதே அதத்தான்.”

லிஃப்ட்காரர் சுரண்டுவதை நிறுத்தினார். “அப்ப என்ன பண்ணுவாரு?”

“நேர்ல பாத்தாதான் தெரியும்.”

அது லிஃப்ட்காரரின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வேலையே இல்லாத நேரத்தில் ஒரு ஆள், அத்தனை பேர் நடுவில், தனியாக நின்று என்னதான் செய்வார்? லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கும்போதுகூட இதையே யோசித்தார். பச்சைச் சட்டைக்காரர்களின் மைதானம் பக்கத்து நகரத்தில் இருந்தது. சனிக்கிழமை மாலை ஆட்டம். போகலாமா என்று கேட்டார். சில நாள் கழித்து ஒரு காலை, தங்கை முகம் துடைத்துவிடும்போது, மச்சான் துண்டுக்குள்ளிருந்து பேசினார்.

“வரேன் மாப்ள. ஆனா அங்க ஏதாவது ஆச்சுன்னா, அதுக்கப்புறம் என்ன எங்கயும் கூப்பிடக் கூடாது. சிகிச்சைக்கும்தான். அந்தப் பேச்சே இந்த வீட்டுல எடுக்கக் கூடாது. சரியா?”

‘ஏதாவது’ என்றால் என்னவென்று யாரும் கேட்கவில்லை. “சரி” என்றார் லிஃப்ட்காரர். அடுப்படிக்குப் போனதும் மனைவி அவரைப் பிடித்துக்கொண்டார், எந்தத் தைரியத்தில் சரி சொன்னீர்கள் என்று. “டெஸ்ட் பண்ணிட்டா ஒண்ணும் ஆகாது” என்றார் அவர்.

ஆகவேதான், ஆட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை மூட்டைகள் பயணம் கிளம்பின. பழக்கம் விடவில்லை, தகரப் பலகையை நாற்காலியின் முதுகில் மாட்டிக்கொண்டார். பேருந்தில் நாற்காலி ஏறும் சரிவுப் பலகையை இறக்கச் சொன்னதும் கண்டக்டர் மூட்டைகளைப் பார்த்து, லக்கேஜ் போட வேண்டும் என்றார்.

“லக்கேஜ் இல்லீங்க. மச்சான்.”

கண்டக்டர் பலகையைப் படித்தார். லிஃப்ட்காரரின் முகத்தைப் பார்த்தார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று தீர்மானித்தவர்போல ஆள் டிக்கெட்டையே கிழித்துக் கொடுத்தார். வழியெல்லாம் லிஃப்ட்காரர் எந்த வளைவில் நாற்காலி சாய்கிறது, எந்த வேகத்தடையில் துள்ளுகிறது என்று கவனித்துக்கொண்டு வந்தார்.

மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. வாயிலில் இருந்த மீசைக் காவலாளிக்கும் பொழுது போகவில்லை, உள்ளே விட்டுக் கூடவே வந்தார். நாற்காலிக்காரர்களுக்கு இரண்டு இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். ஒன்று கோல் வலைக்குப் பின்னால், கீழே, புல்லை ஒட்டி. கழிப்பறை அங்கிருந்து வெகு தூரம். இன்னொன்று மூலை மேடையில், கூரைக்குக் கீழே. கழிப்பறைக் கதவு கைக்கெட்டும் தூரம். லிஃப்ட்காரர் முதல் இடத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கழிப்பறைக் கதவின் அகலத்தை அளந்தார். கீல் கிறீச்சிட்டது, எண்ணெய் விட்டார். தாழ்ப்பாளைப் பல முறை போட்டு எடுத்தார். மூட்டைகளோடு நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போய், திருப்பி, வெளியே கொண்டுவந்து, மறுபடி உள்ளே போனார். காவலாளி வெளியே நின்று, “மூட்டைக்கு ரொம்ப அவசரமோ?” என்று கேட்டார். லிஃப்ட்காரர் மேடையில் நாற்காலியை நிறுத்திப் பிரேக் போட்டு, ஓர் உலுக்கு உலுக்கினார். முன்னால் இருந்த கம்பித் தடுப்பில் ஒரு விளம்பரப் பலகையைக் கட்டியிருந்தார்கள். கட்டியிருந்த கம்பிகளின் முனை துருத்திக்கொண்டிருந்தது. மச்சான் கை வைத்தால் கீறிவிடும் என்று ஒவ்வொன்றையும் குறட்டால் உள்பக்கம் மடித்துவிட்டார். புல் புதிதாகப் போட்டது, பாருங்கள் என்று காவலாளி பெருமையாகக் கையை நீட்டினார். “ம்” என்ற லிஃப்ட்காரர், சாக்கடை மூடியின் கம்பி இடுக்கில் முன்சக்கரம் மாட்டுமா என்று வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தன்று காலையிலிருந்து மச்சான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. குடிக்காவிட்டால் வராது என்று கணக்கு. உண்மையில் தண்ணீர் குறைந்தால் சிறுநீர் எரியும், இன்னும் அவசரமாக முட்டும். இதைச் சொன்னால் எந்த நோயாளியும் நம்புவதில்லை, அவரும் நம்பவில்லை. தங்கை பையில் ரொட்டியும் தண்ணீர்ப் புட்டியும் வைத்து, அடியில் துண்டும் மாற்றுக் கால்சட்டையும் வைத்து மூடினார். மச்சான் பார்த்தார்.

மூட்டைகள் போன வழியிலேயே மச்சானும் போனார். உயிருள்ள உடம்பைத் தள்ளுவது வேறு விவகாரம். மூட்டை தன் பாரத்தை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும். ஆள் அப்படியில்லை, வளைவில் பயந்து சாய்வார், மேட்டில் மூச்சைப் பிடிப்பார். ஆனாலும் பேருந்து, சரிவு, சாக்கடை மூடி எல்லாம் லிஃப்ட்காரர் சொன்னபடி கேட்டன. வாயிலில் அதே மீசைக் காவலாளி. “மூட்ட சௌக்கியமா?” என்று கேட்டவர், நாற்காலியில் இருந்த ஆளைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். “அவனுக்கு இன்னிக்கு லீவு” என்றார் மச்சான்.

மூலை மேடையில் பிரேக் போட்டாயிற்று. ஆட்டம் தொடங்கியது. கூட்டம் பச்சையாக எழுந்து எழுந்து அமர்ந்தது. லிஃப்ட்காரர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். மச்சான் ஒன்றும் பேசவில்லை. ரசிக்கிறார் என்று இவர் நினைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மச்சான் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

“மாப்ள, கோல் எங்க இருக்கு?”

“அதோ, நேரா இருக்கே.”

“இங்க வந்து உட்காந்து சொல்லு.”

லிஃப்ட்காரர் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினார். மச்சானின் தோளுக்குச் சமமாகத் தலையைக் கொண்டுவந்தார். கோலும் கீப்பரும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெயின்ட் டப்பாவின் படம் பளபளத்துக்கொண்டிருந்தது. அவரே கம்பி முனைகளை மடித்துவிட்ட அதே விளம்பரப் பலகை. நிற்கிறவனுக்கு அது இடுப்பளவு. உட்கார்ந்திருப்பவனுக்குக் கண்ணை மறைக்கும் சுவர். மணல் மூட்டைகள் இந்த இடத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தன! அவை எப்படிச் சொல்லும்?

பலகையை அவிழ்க்க முடியுமா என்று லிஃப்ட்காரர் பையிலிருந்து குறட்டை எடுத்தார், காவலாளி ஓடிவந்து தடுத்தார். கீழே வலைக்குப் பின்னால் அந்த இன்னொரு இடம் காலியாகத்தான் இருக்கிறது, அங்கே போகிறீர்களா என்று கேட்டார்.

“அது நான் டெஸ்ட் பண்ணாத இடம் மச்சான்” என்றார் லிஃப்ட்காரர்.

மச்சான் முதலில் கழிப்பறைக் கதவைப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில், எண்ணெய் போட்ட கீலோடு அது தயாராக நின்றது. பிறகு விளம்பரப் பலகையைப் பார்த்தார்.

“பெயின்ட் டப்பாவ பாக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்? தள்ளு.”

தள்ளினார். கீழே, வலைக்குப் பின்னால், புல்லை ஒட்டி நாற்காலி நின்றது. நெட்டையான ஓர் இளைஞர் முதுகைக் காட்டிக்கொண்டு கோலுக்கு முன்னால் நின்றிருந்தார். பச்சைச் சட்டைக்காரர்களின் கீப்பர். பந்து மறு கோடியில் இருந்தது. கீப்பர் பின்னால் நடந்து வந்து, திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி இடது கம்பத்தைத் தட்டினார். குறுக்கே நடந்து போய் வலது கம்பத்தைத் தட்டினார். காலால் புல்லில் ஒரு கோடு கிழித்தார். தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டார். மறுபடியும் இடது கம்பத்துக்கு வந்தார்.

“பாத்தியா?” மச்சானின் வலது கை மடியிலிருந்து எழுந்துவிட்டது. “கண்ணு பந்து மேல. முதுகுக்குப் பின்னால கோல் அதே இடத்துலதான் இருக்கான்னு தட்டிப் பாத்துக்கறான். சும்மா நிக்கறான்னு டிவிக்காரன் நெனச்சுக்கறான்.”

லிஃப்ட்காரருக்கு வாய் பிளந்துவிட்டது. இது அவருக்குத் தெரிந்த வேலை! மைதானத்தில் மச்சானின் வலது குதிகாலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் அவர் வந்திருந்தார். அவசரம் வந்தால் அந்தக் குதிகால் தாளம் போட ஆரம்பிக்கும், வாய் சொல்வதற்கு முன்னால் அது சொல்லிவிடும். கீப்பர் கம்பத்தைத் தட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்ததில் அந்தத் தாளத்தை அவர் தவறவிட்டார்.

“மாப்ள” என்ற குரல் கேட்டபோதுதான் குனிந்து பார்த்தார். பிரேக்கை எடுத்தார், ஓடினார். சுற்றுப்பாதை நெடுகக் கூட்டம். “வழி, வழி” என்று கத்திக்கொண்டே தள்ளினார். மேட்டில் ஏறினார். கதவு சத்தமில்லாமல் திறந்தது. ஆனால் அதற்கு முன்பே ஆகிவிட்டிருந்தது.

தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். லிஃப்ட்காரர் பையிலிருந்து துண்டை எடுத்தார். கால்சட்டையை வலது காலிலிருந்து முதலில் கழற்றி, இடது காலிலிருந்து பிறகு கழற்றி, துடைத்தார். போடும்போது வராத காலை முதலில் நுழைக்க வேண்டும், அது அவருக்குத் தெரியும். கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மனம் மட்டும் வரப்போகிற சொல்லுக்காகக் காத்திருந்தது. சரி என்று ஒப்புக்கொண்டவர் அவர்தான். இனி வாசல் இல்லை, சிகிச்சை இல்லை, பேச்சு இல்லை.

வெளியே மைதானம் முழுவதும் ஒரே மூச்சாக “ஐயோ” என்றது. மச்சான் தலையைத் தூக்கினார்.

“கோல் விட்டுட்டான்” என்றார். “நம்ம ஆளுதான். சீக்கிரம் போடு மாப்ள, சீக்கிரம் போடு.”

“மச்சான்…”

“அட, பொத்தானெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இத்தன பேர் முன்னால விட்டிருக்கான். இப்ப அவன் என்ன பண்றான்னு பாக்கணும். அதயும் டிவில காட்ட மாட்டானுங்க.”

பாதி போட்ட பொத்தானோடு திரும்பி ஓடினார்கள். போய்ச் சேர்ந்தபோது கீப்பர் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து நடுவுக்கு உதைத்து முடித்திருந்தார். கூட்டத்தில் யாரோ அவரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தான். கீப்பர் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டினார். கொஞ்ச நேரம் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பின்னால் நடந்து வந்து, கையை நீட்டி, இடது கம்பத்தைத் தட்டினார்.

மச்சான் பெருமூச்சு விட்டார். “தண்ணி இருக்கா?” என்று கேட்டு, புட்டியைப் பாதி காலி செய்தார்.

பச்சைச் சட்டைக்காரர்கள் தோற்றுப் போனார்கள். திரும்பும் பேருந்தில் அந்தக் கீப்பர் முன்னால் வந்திருக்க வேண்டுமா, கோட்டிலேயே நின்றிருக்க வேண்டுமா என்று மச்சான் விடாமல் பேசிக்கொண்டு வந்தார். வீட்டில் தங்கை பையைப் பிரித்துப் பார்த்தார். ஈரத் துணியை எடுத்து நனைத்து வைத்தார். யாரும் நிபந்தனையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை லிஃப்ட்காரர் மறுபடியும் மூட்டைகளை நாற்காலியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் நாள் இருந்தது. வலைக்குப் பின்னால் இருக்கும் இடத்திலிருந்து கழிப்பறை வரை பாதையை ஒழுங்காக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிலில் மச்சான் வலது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

“எறக்கு அவன.”

“டெஸ்ட் பண்ணாம எப்படி மச்சான்?”

“அவனுக்குக் கண்ணு கிடையாது, மூத்திரமும் கிடையாது. அவன வெச்சு என்னத்த டெஸ்ட் பண்ணுவ? நான் வரேன். போற வழியில அந்தச் சிகிச்சைக்காரப் பொண்ணையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாம்.”

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி மாற்றுக் கால்சட்டையைத் தேடி உள்ளே போய்விட்டார். லிஃப்ட்காரர் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கதவுக்குப் பின்னால் அடுக்கினார். மச்சானைத் தூக்கி உட்கார வைத்தார், இடுப்பு வாரை மாட்டினார், குந்தி உட்கார்ந்து அவர் கண்மட்டத்திலிருந்து தெருவை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து பின்னால் போய், ‘சோதனை நடக்கிறது. ஏறாதீர்கள்’ என்ற தகரப் பலகையை நாற்காலியின் முதுகில் மாட்டி, ஆடுகிறதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.